ஸ்மித் (குடும்பப்பெயர்)

ஸ்மித் என்பது இங்கிலாந்தில் தோன்றி, ஆங்கிலம் பேசும் நாடுகள் பலவற்றில் பரவியுள்ள ஒரு குடும்பப்பெயர் ஆகும். கொல்லர் தொழிலைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல்லில் இருந்து இது பிறந்தது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, ஐக்கிய அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் மிகுதியானோருக்கு உரிய குடும்பப்பெயர் இதுவே. தமிழில் சிமித் என்றும் எழுதப்படுவதுண்டு. இப்பெயர் கொண்டோர் அனைவரும் ஒரே முன்னோரின் வழிவந்தவர்கள் அல்லர். ஒன்றோடொன்று தொடர்பற்ற ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு காரணங்களால் இதே பெயரைப் பெற்றன.

சொற்பிறப்பு

ஜெர்மானிய மொழிக் குடும்பம் முழுவதிலும் இச்சொல்லின் உறவுச் சொற்கள் உள்ளன. ஜெர்மன் மொழியில் ஷ்மிட், டச்சு மொழியில் ஸ்மிட், டேனிய மொழியில் ஸ்மெட் என வழங்குகின்றன. தொடக்கத்தில் இச்சொல் இரும்பு வேலையை மட்டும் குறித்ததாகத் தெரியவில்லை. ஐஸ்லாந்து மொழியில் இதன் இணைச்சொல் இன்றும் தச்சரையும் குறிக்கும். ஆங்கிலத்தில் பொருள் சுருங்கி, உலோகத் தொழிலாளி என்று நிலைத்தது. தமிழில் கொல்லர், பொற்கொல்லர் என்று அடைமொழியால் பிரித்துக் கூறுவது போலவே ஆங்கிலத்திலும் கோல்ட்ஸ்மித் (பொற்கொல்லர்), ஆரோஸ்மித் (அம்புமுனை செய்பவர்), ஷூஸ்மித் (குதிரை இலாடம் செய்பவர்) ஆகிய பெயர்கள் உருவாயின. சிக்ஸ்ஸ்மித் என்னும் பெயருக்கும் ஆறு என்ற எண்ணுக்கும் தொடர்பில்லை. அரிவாள் செய்பவர் என்பதே அதன் பொருள். கத்தி செய்பவரைக் குறித்த சொல் நெய்ஸ்மித் என்று திரிந்தது. கூடைப்பந்தாட்டத்தை 1891ஆம் ஆண்டில் உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித்தின் பெயர் இவ்வகையைச் சேர்ந்தது.

"அடித்தல்" என்று பொருள்படும் ஸ்மைட் என்ற ஆங்கில வினையில் இருந்து இப்பெயர் வந்தது என்பது நெடுநாளாக வழங்கும் விளக்கம். ஓசை ஒற்றுமையைத் தவிர இதற்கு அடிப்படை இல்லை; மொழியியலாளர்கள் இதனை ஏற்பதில்லை.

வரலாறு

இப்பெயர் கொண்டவராக அறியப்படும் மிகப் பழைய மனிதர் எக்கியார்டு ஸ்மித் என்பவர். கிபி 975ஐ ஒட்டிய காலத்தில், இங்கிலாந்தின் வடகிழக்கில் உள்ள டர்ஹாம் பகுதியில் இவர் குறிக்கப்படுகிறார். எனினும் அக்காலத்தில் இது குடும்பப்பெயர் அன்று; அம்மனிதரின் தொழிலைச் சுட்டும் அடையாளம் மட்டுமே. கொல்லரின் மகன் மாவரைக்கும் தொழிலுக்குச் சென்றால் அவன் பெயர் மில்லர் என்று மாறிவிடும்.

1066ஆம் ஆண்டின் நார்மானியப் படையெடுப்புக்குப் பின்னர் பதிவேடுகளை எழுதியோர் இலத்தீனிலும் பிரெஞ்சிலும் எழுதினர். அதனால் ஒரே கொல்லர் ஓர் ஏட்டில் இலத்தீன் முறைப்படி ஃபாபர் என்றும், மற்றொன்றில் பிரெஞ்சு முறைப்படி லெ ஃபெவ்ர் என்றும், ஊரார் வாயில் ஸ்மித் என்றும் இருந்திருக்கலாம். தந்தையின் பெயர் மகனுக்குச் செல்லும் வழக்கம் மெல்லப் பரவி, 14ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் இங்கிலாந்தின் பெரும்பகுதியில் நிலைபெற்றது. இந்த மாற்றத்தின் இடைநிலையை 1379ஆம் ஆண்டின் தலைவரிப் பட்டியல்களில் காணலாம். சில இடங்களில் பெயரும் ஸ்மித், அருகில் எழுதப்பட்ட தொழிலும் ஸ்மித். 1538ஆம் ஆண்டு முதல் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பங்குக் கோவில்கள் பதிவு செய்ய வேண்டும் என்று ஆணையிடப்பட்டது. அதன் பின்னர் பெயர்கள் மேலும் உறுதிப்பட்டன.

பரவலுக்கான காரணம்

நடுக்கால இங்கிலாந்தில் உழவர்களே மிகுதி. அவ்வாறிருக்க, உழவரைக் குறிக்கும் பெயர் முதலிடம் பெறாமல் கொல்லரின் பெயர் பெற்றது ஏன் என்ற கேள்வி எழும். ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டுவதே பட்டப்பெயரின் வேலை. ஐம்பது உழவர்கள் வாழும் ஊரில் "உழவர் ஜான்" என்று அழைத்தால் எந்த ஜான் என்று விளங்காது. ஆனால் கொல்லர் ஊருக்கு ஒருவரோ இருவரோதான் இருப்பார். கலப்பை, இலாடம், ஆணி, கதவுக்கீல் என அனைத்துக்கும் அவர் தேவைப்பட்டதால் கொல்லர் இல்லாத ஊர் அரிது. ஊர்தோறும் இருத்தல், ஊருக்குள் அரிதாக இருத்தல் என்ற இவ்விரண்டும் சேர்ந்ததே இப்பெயரின் பெருக்கத்துக்கு அடிப்படை எனலாம். பிற ஐரோப்பிய நாடுகளிலும் இவ்வாறே நிகழ்ந்தது. பிரான்சின் லெஃபெவ்ர், இத்தாலியின் ஃபெராரி, போலந்தின் கோவல்ஸ்கி, அங்கேரியின் கோவாச், உருசியாவின் குஸ்னெத்சோவ் ஆகியவை கொல்லர் தொழிலில் இருந்து வந்த பெயர்களே. அரபு நாடுகளின் ஹத்தாத்தும் அத்தகையதே.

மாற்றிச் சூட்டப்பட்ட பெயர்

ஸ்மித் என்ற பெயரைக் கொண்ட பலரின் முன்னோர் கொல்லரும் அல்லர், ஆங்கிலேயரும் அல்லர். அயர்லாந்தில் ஆங்கில ஆட்சிக்கு உட்பட்ட டப்ளின், மீத், லவுத், கில்டேர் ஆகிய பகுதிகளில் வாழ்ந்த ஐரிய மக்கள் ஆங்கிலப் பெயர் சூட்டிக்கொள்ள வேண்டும் என்று 1465ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஊர்ப்பெயரையோ, நிறத்தின் பெயரையோ, தொழிற்பெயரையோ அவர்கள் ஏற்கலாம். தொழிற்பெயருக்கு அச்சட்டமே காட்டிய எடுத்துக்காட்டுகளுள் ஒன்று ஸ்மித். ஐரிய மொழியில் கொல்லரின் மகன் என்று பொருள்படும் மக்கோவன் என்ற பெயரும் பிற்காலத்தில் பல இடங்களில், குறிப்பாகக் கவான் பகுதியில், ஸ்மித் என்று மொழிபெயர்க்கப்பட்டது. இங்கிலாந்தில் வாழும் ரோமானி மக்களிடையேயும் ஸ்மித் மிகுதியாக உள்ளது. இலாடம் செய்பவர் என்னும் பொருள் கொண்ட பெட்டுலெங்ரோ என்ற அவர்களது பெயருக்கு ஆங்கில ஈடாக இது வழங்கியது.

அமெரிக்காவில் குடியேறிய ஜெர்மானியர் பலர் ஷ்மிட் என்பதை ஸ்மித் ஆக்கிக்கொண்டனர். முதலாம் உலகப்போர்க் காலத்தில் ஜெர்மானிய எதிர்ப்புணர்வு இதனை விரைவுபடுத்தியது. நியூயார்க்கின் எல்லிஸ் தீவுக் குடியேற்ற அதிகாரிகள்தாம் பெயர்களை மாற்றினர் என்று பரவலாகக் கூறப்படுவது உண்மையன்று. கப்பல் புறப்பட்ட துறைமுகத்திலேயே எழுதப்பட்ட பயணிகள் பட்டியலை அவர்கள் சரிபார்த்தனர். மாற்றங்கள் பெரும்பாலும் குடியேறியோர் பின்னர் தாமே செய்துகொண்டவை.

ஆப்பிரிக்க அமெரிக்கரின் நிலை வேறானது. 1850, 1860ஆம் ஆண்டுகளின் அமெரிக்கக் கணக்கெடுப்புகளில் அடிமைகள் பெரும்பாலும் பெயரின்றி, வயது, பால், நிறம் ஆகியவற்றால் மட்டுமே உரிமையாளரின் பெயருக்குக் கீழ் குறிக்கப்பட்டனர். விடுதலைக்குப் பின் நடந்த 1870ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பே அவர்கள் அனைவரையும் பெயர் சொல்லிப் பதிந்த முதல் கணக்கெடுப்பாகும். சிலர் முன்னாள் உரிமையாளரின் பெயரை வைத்துக்கொண்டனர். சிலர் தாமே ஒரு பெயரைத் தெரிந்தெடுத்தனர். 2010ஆம் ஆண்டில் அமெரிக்க ஸ்மித்களுள் ஏறத்தாழ 23 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர். இவர்களுள் ஒருவர் தம் முன்னோரைத் தேடும்போது 1870ஆம் ஆண்டுக்கு அப்பால் செல்வது மிகக் கடினம். பெயரும் பொதுப்பெயராக இருப்பதால் தேடல் இருமடங்கு சிக்கலாகிறது.

எண்ணிக்கை

1853ஆம் ஆண்டுக்கு உரிய அரசு மதிப்பீட்டின்படி இங்கிலாந்திலும் வேல்சிலும் 253,600 ஸ்மித்கள் இருந்தனர். அதாவது ஏறக்குறைய 73 பேருக்கு ஒருவர். அடுத்த இடத்தில் 242,100 பேருடன் ஜோன்ஸ் இருந்தது. தந்தையின் பெயரைக் குடும்பப்பெயராக்கும் வழக்கம் மிகுந்த வேல்சில் ஜோன்ஸ் முன்னிற்க, ஸ்மித் குறைவாகவே காணப்படுகிறது.

ஐக்கிய அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டில் 2,376,206 பேரும், 2010ஆம் ஆண்டில் 2,442,977 பேரும் இப்பெயரைக் கொண்டிருந்தனர். எண்ணிக்கை கூடினாலும், இலட்சம் பேருக்கு 881 என்ற வீதம் 828 ஆகக் குறைந்தது. நியூசிலாந்தில் 2020களில் பிறந்த குழந்தைகளுக்குப் பதியப்பட்ட குடும்பப்பெயர்களுள் சிங் என்பது ஸ்மித்தை முந்திவிட்டது.

மரபணு ஆய்வு

லெஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டூரி கிங், மார்க் ஜோப்ளிங் ஆகியோர் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு 40 பிரித்தானியக் குடும்பப்பெயர்களை எடுத்துக்கொண்டது. தந்தைவழியே மகனுக்குச் செல்லும் ஒய் நிறப்புரி ஒப்பிடப்பட்டது. அரிய பெயர்களைக் கொண்ட ஆண்கள் பலர் ஒரே முன்னோரைப் பகிர்ந்தனர். ஸ்மித் என்ற பெயர் கொண்டோரிடமோ, தொடர்பற்ற பொதுமக்களிடம் காணப்படும் அளவுக்கு வேறுபாடு இருந்தது. "ஸ்மித் குலத்தின் சின்னம்" என்று கடைகளில் விற்கப்படும் கேடயச் சின்னங்கள் எல்லா ஸ்மித்களுக்கும் உரியவை அல்ல என்பதற்கு இது மேலும் ஒரு சான்றாகும்.

மாற்று வடிவங்கள்

ஸ்மித் என்பதை ஐ எழுத்துக்கு மாற்றாக ஒய் எழுத்து இட்டு எழுதுவது உயர்குடி வழக்கு என்று எண்ணப்படுகிறது. உண்மையில் நடுக்கால எழுத்தர்கள் இரு எழுத்துகளையும் வேறுபாடின்றிப் பயன்படுத்தினர். ஸ்மித்சன் என்பது ஸ்மித்தின் மகன் எனப் பொருள்படும். அமெரிக்காவை ஒருமுறையும் காணாத ஜேம்ஸ் ஸ்மித்சன் (இறப்பு 1829) எழுதிவைத்த சொத்தைக் கொண்டே வாஷிங்டனில் 1846ஆம் ஆண்டில் ஸ்மித்சோனியன் நிறுவனம் அமைந்தது.

குறிப்பிடத்தக்கோர்

பொருளியலாளர் ஆடம் ஸ்மித் (1723–1790) ஸ்காட்லாந்தின் கிர்க்கால்டியில் சுங்க அதிகாரி ஒருவரின் மகனாகப் பிறந்தவர். புளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித் (1894–1937), நடிகை மேகி ஸ்மித் (1934–2024), நடிகர் வில் ஸ்மித் ஆகியோர் பரவலாக அறியப்பட்டவர்கள். துடுப்பாட்ட இரசிகர்களுக்குத் தென்னாப்பிரிக்காவின் கிரீம் ஸ்மித்தும் ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஸ்மித்தும் நினைவுக்கு வருவர். எண்ணிமப் படக்கருவிகளுக்கு வழிவகுத்த சிசிடி உணரியை உருவாக்கியோருள் ஒருவரான ஜார்ஜ் ஸ்மித் 2009ஆம் ஆண்டில் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்தார். அதே பெயர் கொண்ட வேறொரு ஜார்ஜ் ஸ்மித் 2018ஆம் ஆண்டில் வேதியியல் பரிசைப் பகிர்ந்ததால் இருவரையும் குழப்பிக்கொள்வோர் உண்டு. இவ்வளவு பரவலான பெயராக இருந்தும், பிரித்தானியப் பிரதமராகவோ அமெரிக்கக் குடியரசுத் தலைவராகவோ ஸ்மித் என்ற குடும்பப்பெயர் கொண்ட எவரும் இருந்ததில்லை.