பொக்காரா
பொக்காரா நேபாளத்தின் கண்டகி மாகாணத் தலைநகரமாகும். இது காட்மாண்டுவிற்கு மேற்கே ஏறத்தாழ 200 கிமீ தொலைவில், பேவா ஏரிக்கரையில் அமைந்துள்ளது. நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 800 மீட்டர் உயரத்திலேயே உள்ளது. எனினும் 30 கிமீ தொலைவுக்குள் 6,993 மீட்டர் உயரமுள்ள மச்சபுச்சரே மலை எழுகின்றது. 1957இல் பிரித்தானியக் குழுவொன்று இதன் உச்சிக்குச் சுமார் 50 மீட்டர் கீழிருந்து திரும்பியது. புனித மலையாகக் கருதப்படுவதால் இதில் ஏற அனுமதியில்லை. அன்னபூர்ணா பகுதிக்கு நடைப்பயணம் செல்வோர் பெரும்பாலும் இங்கிருந்தே புறப்படுகின்றனர். அதற்கு அனுமதிச் சீட்டு தேவை. வானம் தெளிந்திருக்கும் அக்டோபர், நவம்பர் மாதங்களே ஏற்றவை.

காற்றில்லாத காலையில் இம்மலையின் பிம்பம் தெரியும் பேவா ஏரி சுருங்கி வருகின்றது. மழைக்காலத்தில் ஹர்பன் ஓடை கொண்டுவரும் வண்டலால் அதன் மேற்குப் பகுதி தூர்ந்து வருகின்றது. சரிவுகளில் முறையின்றி வெட்டப்படும் மண் சாலைகள் இவ்வரிப்பை மிகுவிக்கின்றன.