இளமூளையும் மீட்சியும்: ஒரு பிரமாணத்தின் மறுபரிசீலனை

பலத்த தலைக்காயம் அடைந்த குழந்தையின் பிற்கால நிலையைக் கணிக்கும்போது, வயது குறையக் குறைய மீட்சி கூடும் என்னும் அபிப்பிராயம் நெடுங்காலமாகச் செல்வாக்குப் பெற்றிருக்கிறது. அதற்கு மூலப் பிரமாணமாகக் காட்டப்படுவது 1936-இல் மார்கரெட் கென்னார்டு குரங்குகளைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சி. அந்த ஆராய்ச்சி இந்த அபிப்பிராயத்தின் பாரத்தைத் தாங்காது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

குட்டிகளின் மூளையில் இயக்கத்தை ஆளும் புறணிப் பகுதியை அறுவையால் நீக்கியபோது, அதே சேதமுற்ற வளர்ந்த குரங்குகளைக் காட்டிலும் அவை கை கால்களை நன்கு இயக்கின என்று கென்னார்டு கண்டது மெய்யே. ஆயினும் குட்டிகள் வளர வளர, முன்பு புலப்படாத விறைப்பு முதலிய குறைகள் தலைகாட்டியதையும் அவரே குறித்திருக்க, பின்வந்தோர் முற்பாதியை மட்டும் பற்றிக்கொண்டு, அவர் வகுக்காத விதியொன்றை அவர் பெயராலேயே வழங்கலாயினர். மேலும், அவர் ஆராய்ந்தது கத்தியால் வரையறுத்து ஏற்படுத்திய சேதம். பெங்களூரின் ஒக்கலிபுரத்தில் மொட்டை மாடியிலிருந்து விழுந்து, நகரத்து நெரிசலைக் கடந்து ஓசூர் சாலையிலுள்ள நிமான்ஸ் மருத்துவமனைக்கு வந்துசேரும் ஒரு குழந்தையிடமோ, நரம்பிழைகள் பரவலாக அறுபடுவதும், மூளை வீங்குவதும், வழியிலேயே பிராணவாயுவும் இரத்த அழுத்தமும் குறைவதும் ஒருங்கே நேரக்கூடும். இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதற்கு நியாயம் இருப்பதாகத் தோன்றவில்லை.

கணிப்பின் மறுமுனையிலும் இதே பிழை உண்டு. 1974-இல் வந்த கிளாஸ்கோ மயக்க அளவையில் 8-உம் அதற்குக் கீழும் பெற்றவர் பலத்த காயமுற்றவர் எனப்படுவர். 1975-இல் வந்த விளைவு அளவையோ மரணம் முதல் நன்மீட்சி வரை ஐந்து படிகளை உடையது. ஆறு மாதத்தில் நடந்து பேசும் மூன்று வயதுப் பிள்ளை உச்சப் படியில் வைக்கப்படலாம். ஆனால் திட்டமிடுதல், கவனத்தை நிலைநிறுத்துதல், வாசித்தல் ஆகிய சக்திகள் அவ்வயதில் முதிரவே இல்லையாதலால், அவற்றின் ஊனம் பள்ளி வகுப்புகள் ஏறும்போதே வெளிப்படும்.

குழந்தைகளிடையே இறப்பு குறைவன்றோ என்பர். பிழைத்தலும் தேறுதலும் வெவ்வேறாதலால் அவ்வாட்சேபம் இங்கே பொருந்தாது. பல்லாண்டுகள் பின்தொடர்வது கடினம் என்பதும் தரவின்மைக்குக் காரணமாகுமேயன்றி, தரவின்றிக் கணிப்பதற்கு நியாயம் ஆகாது.

முதல்நாளில் ஒளிக்குக் கண்மணி காட்டும் அசைவும் மயக்க அளவையின் இயக்க மதிப்பெண்ணும் உயிர்ப்பிழைப்பைப் பற்றிச் சொல்வது மிகுதி என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் குழந்தையின் வாழ்வைப் பற்றிய தீர்ப்பை, வீட்டுமொழி தமிழாயின் தமிழிலும் பள்ளிமொழி கன்னடமாயின் கன்னடத்திலும் அக்குழந்தையைச் சோதித்து, பள்ளிப் பருவத்திலேயே எழுத வேண்டும். அதற்குமுன் எழுதப்படும் ‘நன்மீட்சி’ இடைக்கால மதிப்பீடே ஆகும்.