பாலாற்று மணலில் ஒரு வெள்ளைக்காரர்

குடியாத்தத்திலிருந்து பள்ளிகொண்டா வழியாக வேலூர் போகும்போது பாலாற்றுப் பாலம் வந்தால் நம்மில் எத்தனை பேர் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்க்கிறோம்? மணலும் முள்செடியும்தானே என்று செல்போனை நோண்டிக்கொண்டிருப்போம். 1800-ஆம் வருஷம் இதே பக்கமாகப் போன ஒரு வெளிநாட்டுக்காரர் அந்த மணலைப் பார்த்து ஆச்சரியப்பட்டிருக்கிறார். அவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பெயர் பிரான்சிஸ் புக்கானன். ஸ்காட்லாந்துக்காரர், டாக்டர், செடிகொடி ஆராய்ச்சியில் பெரிய ஆர்வம். பர்மாவும் வங்காளமும் அவருக்குப் பழக்கம். தெற்கு புதுசு, தமிழும் தெரியாது. 1799 மே 4-ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டினத்தில் திப்பு சுல்தான் இறந்தபிறகு, கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி இவரைக் கூப்பிட்டு, மைசூர்ப் பக்கம் போய் விவசாயம், கைத்தொழில், வியாபாரம், மதம், பழக்கவழக்கம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வா என்றார். பி.காம். படிக்கிறவன் கண்ணுக்கு இது வேறு மாதிரி தெரிகிறது. கடை கைமாறினால் புது முதலாளி முதலில் என்ன செய்வார்? சரக்கு இருப்பு எடுப்பார். அதுதான் இது!

1800 ஏப்ரல் 23-ஆம் தேதி சென்னையிலிருந்து கிளம்பினார். கத்திரி வெயில் ஆரம்பிக்கப்போகிற நேரம். காஞ்சிபுரம், காவேரிப்பாக்கம், ஆற்காடு, வேலூர், பள்ளிகொண்டா, பேர்ணாம்பட்டு பக்கத்துச் சாத்கர், அப்புறம் மலையேறி மைசூர் நாடு. துபாஷி சொல்வதை வைத்துத்தான் எல்லாம். சத்திரங்களைப் பற்றி எழுதுகிறார். முன்பின் தெரியாத வழிப்போக்கனுக்காக யாரோ கட்டி வைத்த கட்டிடம், பக்கத்திலேயே ஒரு குளம்.

காவேரிப்பாக்கம் ஏரிக்கு வந்ததும் ஆள் அசந்துபோகிறார். பல்லவர் காலத்து ஏரி. நீளம் 8 மைல், அகலம் 3 மைல் என்கிறார். இத்தனை ஜனங்களுக்குச் சோறு போடுகிற இந்த மாதிரிப் பொதுவேலையைப் பார்த்ததுபோல் வேறெதைப் பார்த்தும் மனசு நிறைந்ததில்லை என்ற பொருளில் எழுதியிருக்கிறார். கோட்டையைப் பார்த்துச் சொல்லவில்லை, அரண்மனையைப் பார்த்துச் சொல்லவில்லை. ஏரியைப் பார்த்து!

அடுத்தது பாலாறு. மேலே பார்த்தால் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆனால் ஊர்க்காரர்கள் மணலைத் தோண்டிக் கால்வாய் வெட்டுகிறார்கள், தெளிந்த தண்ணீர் ஊறி வயலுக்கு ஓடுகிறது. நம்ம பெரியவர்கள் ஊற்றுக்கால் என்று சொல்வது இதைத்தான். ஆறு வற்றிவிட்டது என்று நாம் நினைக்கும் மாதத்தில்தான் அது மணலுக்கடியில் வேலை செய்துகொண்டிருந்தது.

இதனால் அவரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாட வேண்டாம். தண்ணீர், பயிர், தறி என்றால் பொறுமையாகக் கேட்டுக் கேட்டு எழுதுகிற மனிதர், கோயில், பிராமணர், சடங்கு என்று வந்தால் இளக்காரமாகப் பேச ஆரம்பித்துவிடுவார். ஒரு ஊரில் ஒரு ராத்திரி தங்கியவருக்கு அந்த ஊர் நம்பிக்கையைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல என்ன அவசரம் என்று எனக்குக் கோபமே வந்தது. தண்ணீர் விஷயத்தில் அவர் கண்ணை நம்பலாம், மனிதர்கள் விஷயத்தில் கொஞ்சம் தள்ளியே நிற்கலாம் என்பது என் கட்சி.

1801 ஜூலையில் அவர் சென்னை திரும்பினார். அதே மாதம் 31-ஆம் தேதி நம்ம பகுதியை ஆண்ட ஆற்காட்டு நவாப்பின் நிர்வாகமும் கம்பெனி கைக்குப் போய்விட்டது. புத்தகம் 1807-இல் லண்டனில் மூன்று பாகமாக வந்தது.

பிறகு தோல் ஷெட்டுகள் பெருகின. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்று ஓரமெல்லாம் அதுதான் சோறு. எத்தனையோ வீட்டில் பிள்ளைகள் காலேஜுக்குப் போவதே அந்தக் கூலியில்தான், மறுக்கவில்லை. ஆனால் கழிவுநீரும் அதே மணலில்தான் இறங்கியது. 1996 ஆகஸ்ட் 28-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பில், இந்தத் தோல் தொழில் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ பயிருக்கு லாயக்கற்றுப் போனது என்ற கணக்கு இருக்கிறது.

சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 35,000 ஹெக்டேர் என்றால் 350 சதுர கிலோமீட்டர். புக்கானன் சொன்ன அளவுப்படி காவேரிப்பாக்கம் ஏரி 24 சதுர மைல், அதாவது சுமார் 62 சதுர கிலோமீட்டர். அவர் அசந்துபோய் நின்ற ஏரியைப்போல் ஐந்தரை மடங்குக்கும் மேல்.

2025 ஜனவரி 30-ஆம் தேதி மறுபடியும் உச்ச நீதிமன்றம். இழப்பீட்டை அரசு முதலில் கொடுத்துவிட்டு, மாசுபடுத்தியவர்களிடம் பிறகு வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் நடுவில் இருபத்தெட்டு வருஷம். நான் பிறந்ததே அதற்கு நடுவில்தான்.