கன்ட்ரோல் எஃப் ஏன் தேடாது?

கிளாசிக் அவுட்லுக்ல ஒரு மெயிலைத் திறந்து, ஏதோ வார்த்தையைத் தேட கன்ட்ரோல் எஃப் அழுத்திப் பாருங்க. தேடாது, ஃபார்வர்டு பண்ணத் தயாராகிடும். இது பக்னுதான் நான் ரொம்ப நாள் நினைச்சேன்.

1990களில் மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்சேஞ்ச் மெயில் மென்பொருளை உருவாக்கியபோது, முதலில் அந்த ஷார்ட்கட்டைத் தேடலுக்குத்தான் கொடுத்திருந்தார்கள். பீட்டா சோதனையில் ஒருவர் புகார் அனுப்பினார்: அவர் முன்பு பயன்படுத்திய மெயில் மென்பொருளில் அது ஃபார்வர்டாம், விரலுக்கு அதுதான் பழக்கமாம். அவர் வேறு யாருமில்லை, பில் கேட்ஸ்! உடனே மாத்திட்டாங்க. மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ரேமண்ட் சென் 2009இல் எழுதிய தகவல் இது.

எக்ஸ்சேஞ்சுக்குப் பிறகு வந்த அவுட்லுக்கிலும் அதுவே தங்கிவிட்டது. மெயிலுக்குள் தேட எஃப் 4, இன்பாக்ஸில் தேட கன்ட்ரோல் இ.

ஒருத்தர் தன் பழக்கத்தை மாத்திக்கல. அதனால நாம எல்லாரும் மாத்திக்கிட்டோம்.