டிராம் வழிப் புறநகர்: மயிலாப்பூர்

சென்னையின் தென்பகுதியிலுள்ள மயிலாப்பூர், கபாலீசுவரர் ஆலயத்தையும் தெப்பக்குளத்தையும் மாடவீதிகளையும் ஆதாரமாகக் கொண்ட புராதனமான ஊரேயாயினும், இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் உத்தியோகஸ்தர் செறிந்த புறநகராக அது மாறியதில் டிராம் வண்டிக்குப் பெரும் பங்கு உண்டு. 1895 மே 7 அன்று சென்னையில் ஓடத் தொடங்கிய மின்சார டிராமே இந்தியாவில் முதலாவது. சாலைக்கடியில் அமைத்த கால்வாயின் வழியே மின்சாரம் பெற்று வந்த அது, மழைக்காலத்து நீரின் உபத்திரவத்தால், சில வருஷங்களில் மேலே கட்டிய கம்பிக்கு மாறிற்று.

1892-ல் திறக்கப்பட்ட ஹைகோர்ட்டும் பெரிய வர்த்தக ஸ்தாபனங்களும் வடக்கே ஜார்ஜ் டவுன் பக்கத்தில் இருக்க, அங்கே ஜீவனம் செய்வோர் தெற்கே குடியிருப்பது டிராமினால் சுலபமாயிற்று. லஸ் சர்ச் ரோட்டுத் தோட்ட பங்களாக்களில் வசித்த பெரிய வக்கீல்களுக்குச் சொந்த வாகனம் இருந்தது; டிராமை நம்பியவர்கள் குமாஸ்தாக்களும் மாணவர்களுமே. ஆகவே டிராம் வளர்த்த வாழ்வைக் காண விரும்புவோர் பங்களாக்களை விட்டுவிட்டுக் குளத்தைச் சுற்றிய தெருக்களுக்கே போதல் வேண்டும்.

அத்தெருக்களில் வீட்டுக்கு வீடு பொதுச்சுவர். திண்ணை, ரேழி, கூடம், வானம் பார்த்த முற்றம், அடுக்களை, கொல்லைக் கிணறு என்று வாசலிலிருந்து பின்னோக்கி நீளும் குறுகிய மனைகளாதலால், நடந்தே டிராமைப் பிடிக்கும் தூரத்துக்குள் பல குடும்பங்கள் அடங்கின. சிலவற்றுக்கு நாட்டு ஓடு. வசதியுள்ளவற்றுக்குத் தேக்கு உத்தரங்களின்மேல் சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் செங்குத்தாகப் பதித்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கட்டையால் அடித்து இறுக்கிய ‘மெட்ராஸ் டெரஸ்’.

இவ்வீட்டமைப்பை டிராம் உண்டாக்கவில்லை. டிராம் மணியோசையே கேட்டிராத கள்ளக்குறிச்சிச் சீமையின் பழைய தெருக்களிலும் திண்ணையும் முற்றமும் உண்டு. மாறாக, 1920-களில் ஏரி நிலத்தில் திட்டமிட்டு எழுந்த தியாகராய நகரோ, 1931-ல் வந்த மின்சார ரயிலின் துணையோடு, சுற்றிலும் தோட்டம் விட்ட தனி வீடுகளாகவே பரந்தது.

1953 ஏப்ரலில் டிராம் நின்றது. அதன் வழித்தடங்களைப் பஸ்கள் ஏற்றுக்கொண்டன. திண்ணைகள் பலவற்றில் கடைகள் ஏறின.