அமைப்புகளின் இனத்தொகைச் சூழலியலும் இந்திய வங்கிகளின் வரலாறும்

முன்னுரை

ஓர் அமைப்பு நலிவுற்றால் அதன் காரணத்தை நிருவாகத்தின் திறமையின்மையில் தேடுவது பொதுவழக்கு. இதற்கு மாறாக, அமைப்புகளைத் தனித்தனியே நோக்காது, ஒரேவகை வளத்தைச் சார்ந்து வாழும் கூட்டமாக நோக்க வேண்டும் என்னும் கொள்கையை 1977இல் மைக்கேல் ஹன்னன், ஜான் ஃப்ரீமன் என்னும் சமூகவியலறிஞர் இருவர் அமெரிக்காவில் முன்வைத்தனர். விலங்கினங்கள் ஏன் இத்துணை வகைப்பட்டுள்ளன என்று 1959இல் சூழலியலறிஞர் ஹட்சின்சன் எழுப்பிய வினாவை இவர்கள் அமைப்புகளுக்குப் பொருத்தினர். இந்திய வங்கிகளின் வரலாற்றை இக்கொள்கை எவ்வளவிற்கு விளக்குகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கொள்கையின் அடிப்படைகள்

அமைப்புகள் தம் இயல்பை எளிதில் மாற்றிக்கொள்வதில்லை. இட்ட முதலும் பழகிய நடைமுறையும் அவற்றைக் கட்டுப்படுத்துகின்றன. இது சடத்துவம் எனப்படும். எனவே, சூழல் மாறும்பொழுது பழையன மாறுவதைவிட, அவை மறைந்து புதியன தோன்றுவதே மிகுதி. இளம் அமைப்புகளே எளிதில் மறைகின்றன என்பதை ஸ்டின்ச்கோம்ப் 1965இலேயே சுட்டினார். மேலும், ஒருவகை அமைப்புகள் பெருகத் தொடங்குங்கால் மக்களின் ஏற்பு வளர்ந்து புதியன தோன்றுகின்றன. எண்ணிக்கை மிகுந்தபின் போட்டி முற்றி மறைவுகள் கூடுகின்றன.

தோற்றமும் மறைவும்

1906 அக்டோபரில் சென்னையின் அர்பத்நாட் நிறுவனம் வீழ்ந்தது. வைப்பாளர் பலர் பொருளிழந்தனர். அவ்வீழ்ச்சியை அடுத்து 1907இல் இந்தியன் வங்கி தோன்றியது. ஒன்றின் மறைவு மற்றொன்றிற்கு இடமளித்தமைக்கு இது சான்றாகும். சுதேசி இயக்கம் இந்தியர் நடத்தும் வங்கிக்கு மக்களிடையே ஏற்பினைத் தேடித் தந்தது. பாங்க் ஆஃப் இந்தியா (1906), கனரா வங்கி (1906), பரோடா வங்கி (1908), சென்ட்ரல் வங்கி (1911) ஆகியன இக்காலத்தன.

பெருக்கத்தை அடுத்து மறைவும் வந்தது. 1913 முதல் 1918 வரை 94 வங்கிகள் முறிந்தன. லாகூரின் பீப்பிள்ஸ் வங்கியும் பம்பாயின் இந்தியன் ஸ்பீசி வங்கியும் 1913இலேயே வீழ்ந்தன. குறைந்த முதலும் இளமையும் பலவற்றின் பொதுத்தன்மை. இதுகாறும் கொள்கை பெரிதும் பொருந்துகிறது எனலாம்.

சட்டம் என்னும் சூழல்

விடுதலைக்குப் பின் நிலை வேறு. 1949ஆம் ஆண்டின் வங்கி நிறுவனங்கள் சட்டம் உரிமம் பெறுவதைக் கட்டாயமாக்கியது. 1960 ஆகஸ்டில் கேரளத்தின் பாலை சென்ட்ரல் வங்கி மூடப்பட்டது. அவ்வாண்டே நலிந்த வங்கிகளைக் கட்டாயமாக இணைக்கும் அதிகாரம் சட்டத்திருத்தத்தால் கிட்டியது. 1962இல் வைப்புக் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. 1951இல் 566ஆக இருந்த வணிக வங்கிகள் 1969இல் 90க்கும் கீழாகக் குறைந்தன.

இக்குறைவைப் போட்டியின் விளைவாக மட்டும் கொள்ளவியலாது. இங்குத் தேர்ந்தெடுத்தது சூழல் என்றால், அச்சூழலை வகுத்தது அரசு. அரசும் ஓர் அமைப்பே. மேலும், முறிவும் இணைப்பும் எண்ணிக்கையளவில் ஒன்றே. வைப்பாளர்க்கோ அவை வேறு. முறிவில் அவர்தம் சேமிப்பு அழியக்கூடும். இணைப்பில் அது பெரும்பாலும் பெயர் மாறிய வங்கியில் தொடரும். தென்கன்னடப் பகுதியில் தோன்றி அரசுடைமையான நான்கு வங்கிகளுள் விஜயா வங்கி 2019இலும், சிண்டிகேட், கார்ப்பரேஷன் வங்கிகள் 2020இலும் பிற வங்கிகளோடு இணைந்தன. கனரா வங்கி மட்டுமே தன் பெயரோடு நிற்கிறது. இம்மறைவுகளும் அரசின் முடிவால் நேர்ந்தனவே.

முடிவுரை

வங்கிகளின் தொடக்ககாலப் பெருக்கத்தையும் முறிவையும் இனத்தொகைச் சூழலியல் நன்கு விளக்குகிறது. தனியொருவர் மீது மட்டும் பழியேற்றுவதைத் தவிர்க்கவும் அது துணைபுரிகிறது. ஆயினும் மறைவுகளை எண்ணுவதோடு ஆய்வு நின்றுவிடின், அம்மறைவின் இழப்பை ஏற்றவர் யார் என்பது புலப்படாது. அமைப்புகளின் வரலாற்றை எழுதுவோர் எண்ணிக்கையோடு மறைவின் வகையையும் பதிவுசெய்தல் இன்றியமையாதது.