பேரீச்சம்பழமும் தங்கப் பதக்கமும்

என் மேஜையின் அடி டிராயரில் மூன்று கைப்பேசிகள் உறங்குகின்றன. ஒன்றுக்குக் கண் தெரியாது. இன்னொன்றுக்குக் காது கேட்காது. மூன்றாவது என் தாயார் கடைசி வரையில் வைத்திருந்தது. பொத்தான்கள் வைத்த பழைய தினுசு. சென்ற வாரம் தெருவில் பழைய சாமான்காரரின் குரல் கேட்டதும் என் மனைவி டிராயரைத் திறந்துவிட்டாள்.

"இதையெல்லாம் யாருக்காகக் காவல் காக்கறீங்க? போட்டா ஒரு பிளாஸ்டிக் வாளியாவது கிடைக்கும்!"

என் பிள்ளைப் பிராயத்தில் பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுப்பார்கள். அதைத் தின்ற ருசியில் வீட்டு ஆணிகளைக்கூட நான் விட்டுவைத்ததில்லை. ஆகவே மனைவியைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனாலும், "கொஞ்சம் பொறு" என்றேன். காரணம், அன்று காலையில்தான் ஜப்பானில் உள்ள கொசாகா என்ற ஊரின் சரித்திரத்தைப் படித்துக்கொண்டிருந்தேன்.

கொசாகா, வடக்கே அகிதா மாநிலத்து மலைகளுக்கு நடுவில் இருக்கிறது. 19-ம் நூற்றாண்டில் அங்கே வெள்ளி எடுக்க ஆரம்பித்தார்கள். பிறகு ஒரு விசித்திரமான கறுப்புக் கல்லின் மீது கை வைத்தார்கள். செம்பு, ஈயம், துத்தநாகம், தங்கம், வெள்ளி எல்லாம் ஒரே கல்லில், கூட்டுக் குடும்பம்போல் பின்னிக் கிடந்தன. பிரிப்பது லேசான காரியமல்ல. பிரித்துக் காட்டினார்கள், ஊர் கொழித்தது. தொழிலாளர்களுக்காக 1910-ம் வருஷத்தில் மரத்தால் ஒரு நாடகக் கொட்டகை கட்டினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! கதை எழுதுகிறவனுக்கு, சுரங்கத்தைவிட அந்தக் கொட்டகையின் மேல்தான் கண் போகிறது. அது இன்றும் நிற்கிறது. ஆனால் செழிப்புக்கு விலை இல்லாமலா? உலைப் புகையில் சுற்றிலுமிருந்த மலைகள் மொட்டையாயின. அந்தப் புகையையும் தாங்கக்கூடிய மரமாகத் தேடிப் பிடித்து நட வேண்டியிருந்தது.

1990-ம் வருஷம் சுரங்கத்தை மூடினார்கள். சாதாரணமாக இங்கே கதை முடிய வேண்டும். முடியவில்லை. பின்னிக் கிடக்கும் உலோகங்களைப் பிரிக்கும் வித்தை அவர்கள் கையில் இருந்ததே! கைப்பேசியின் உள்ளே இருக்கும் பச்சைத் தகடும் அந்தக் கறுப்புக் கல்லைப் போன்றதுதான். 2008-ல் புது உலை அமைத்து, பழைய மின்சாதனங்களின் தகடுகளை உருக்கலானார்கள். செம்பும் ஈயமும் உருகும்போது தங்கத்தையும் வெள்ளியையும் தம்மோடு இழுத்து வருகின்றன. பின்னால் அவற்றைத் தனித்தனியே பிரிக்கிறார்கள். புகையைப் பிடித்து வடிகட்டவும் ஏற்பாடு உண்டு.

இதற்கெல்லாம் ஒரு பெயரும் ஏற்பட்டிருந்தது. தோஹொகு சர்வகலாசாலைப் பேராசிரியர் நான்ஜோ மிச்சியோ, 1988-லேயே 'நகரச் சுரங்கம்' என்றார். மிகையில்லை. நல்ல தங்கச் சுரங்கத்திலும் ஒரு டன் கல்லில் சில கிராம்தான் தேறும். ஒரு டன் கைப்பேசிகளில் இருநூறு, முந்நூறு கிராம் வரைகூடக் கிடைக்கிறது. தனி ஒரு கைப்பேசியில் குன்றிமணி எடையில் கால் பங்கு இருந்தால் பெரிது. நம் ஊரில் பொற்கொல்லர் பட்டறை வாசல் மண்ணை அள்ளி அரிப்பவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகப் புரியும்.

டோக்கியோ ஒலிம்பிக்ஸ் அதை உலகத்துக்கே காட்டியது. 2017 ஏப்ரல் முதல் 2019 மார்ச் வரை, ஜனங்கள் தங்கள் டிராயர்களைக் காலி செய்தார்கள். ஏறக்குறைய 62 லட்சம் கைப்பேசிகளும், மற்றச் சிறு மின்சாதனங்களுமாக 78,985 டன் சேர்ந்தன. அவற்றிலிருந்து 32 கிலோ தங்கம், அதாவது நாலாயிரம் பவுன். 3,500 கிலோ வெள்ளி. 2,200 கிலோ வெண்கலம். சுமார் ஐயாயிரம் பதக்கங்கள் அத்தனையும் அதில்தான் செய்தார்கள். 2021 ஆகஸ்ட் 7-ம் தேதி ஈட்டி எறிந்து நீரஜ் சோப்ரா பெற்ற பதக்கத்தில் தங்கம் முக்கால் பவுன் போல இருக்கும், மீதி வெள்ளி. அதே மாதக் கடைசியில், பாராலிம்பிக்ஸில் நம் சேலத்து மாரியப்பன் உயரம் தாண்டிப் பெற்ற வெள்ளியும் அந்தக் குவியலிலிருந்து வந்ததே. யாரோ ஒரு ஜப்பானியக் கிழவி பேரனுடன் பேசிய கைப்பேசி, அந்தப் பிள்ளையின் கழுத்தில் தொங்கியது!

அதே பச்சைத் தகடு சீனத்தில் குய்யூ என்ற ஊருக்கும் போனது. அங்கே 1990-களிலிருந்து வெகு காலம், வீட்டு முற்றங்களில் தகட்டை நிலக்கரி அடுப்பில் வாட்டி ஈயத்தை உருக்கினார்கள். தங்கத்துக்காகத் திராவகத்தில் ஊற வைத்து, மிச்சத்தை ஆற்றில் விட்டார்கள். ஊர்க் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் ஏறியிருந்ததை டாக்டர்கள் கண்டார்கள். சீனத்தை மட்டும் சொல்வானேன்? டில்லியின் சீலம்பூரிலும் இதே திராவகம்தான், இதே புகைதான். தெருவில் வந்த சாமான்காரர் நல்ல மனிதர். அவர் விற்கும் இடம், அங்கிருந்து போகும் இடம், அதற்கும் அப்பால் திராவகத் தொட்டியில் கை விடும் பையன் இவையெல்லாம் நமக்குத் தெரிவதில்லை.

இந்தியாவிலும் சட்டம் இருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் அமலான விதிகளின்படி, உற்பத்தி செய்தவரே பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரர்கள் மூலம் பழையதற்குப் பொறுப்பேற்க வேண்டும். ஆகவே மறுநாள் கண் தெரியாததையும் காது கேட்காததையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். உள்ளிருந்த படங்களையும் கணக்குகளையும் பையன் அழித்துக் கொடுத்தான். ஒன்றின் பேட்டரி உப்பியிருந்தது. அதைக் குத்தாமல், அமுக்காமல், தனியே கொண்டுபோய்ச் சொல்லிக் கொடுக்க வேண்டும். குப்பைத் தொட்டியில் போட்டால் நெருப்புப் பிடிக்கும். சேகரிப்பு நிலையத்தில் ரசீது கொடுத்தார்கள். பேரீச்சம்பழம் கொடுக்கவில்லை.

திரும்பி வந்து டிராயரைத் திறந்தேன். அம்மாவின் கைப்பேசியைக் காணோம்.

"அதையும் போட்டுட்டியா?" என்று பதறினேன்.

மனைவி பதில் சொல்லாமல் பீரோவைக் காட்டினாள். அம்மாவின் பழைய புடவைத் துண்டில் சுற்றி, மேல் தட்டில் வைத்திருந்தாள்.